ஆற்றங்கரையில் சொன்ன பதில்

ரேவன்போர்ட், வட இங்கிலாந்து
12 ஜனவரி 2025

அன்புள்ள அஜந்தா,

எழுத்துப் பிழை பார்த்துச் சிரிக்க வேண்டாம். பன்னிரண்டு வயதில் மொன்றியலுக்குக் கூட்டிவந்து பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் தள்ளிவிட்ட நாளிலிருந்து நான் தமிழில் ஒரு பக்கம் சேர்ந்தாற்போல் எழுதியதில்லை. இப்போது எழுத வேண்டி வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை ரக்பிப் பயிற்சியில் ஒருவனுடைய முழங்கால் என் நெற்றிப்பொட்டில் பட்டது. பெரிதாக ஒன்றுமில்லை. விழுந்தேன், எழும்பினேன். ஆனால் எங்கள் கழகத்து டொக்டர் மாக்கிரட் பிடிவாதக்காரி. நவம்பரில் பட்ட அடியும் அவவுக்குத் தெரியும். கொஞ்ச நாளைக்குப் போன் பார்க்கக் கூடாது, டிவி கூடாது, சத்தமான இடத்துக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டா. உண்மையில் போன் வெளிச்சம் பட்டால் கண்ணுக்குப் பின்னால் குத்துகிறது. காதில் வைத்துக் கதைத்தால் தகரப் பேணிக்குள் தலையை விட்டதுபோல் இரைகிறது. ஞாயிற்றுக்கிழமையில் வீட்டுக்கு எடுத்து, ஸ்பீக்கரில் எல்லாருக்குமாக "ஓம், சுகம், சாப்பிட்டன்" என்று சொல்லி வைக்க மட்டும் ஏலும். கட்டின மனிசியோடு கதைக்க அது காணாது. அதுதான் கடிதம்.

மொன்றியலில் எங்கள் ரொக்ஸ்பரோ வீட்டு விலாசத்துக்குப் போட்டால் அம்மா உறையைப் பிரித்து வாசித்துவிட்டுத்தான் உம்மிடம் தருவா. ஆகவே உம்முடைய பிரெஞ்சு வகுப்புத் தோழி இமெல்டாவின் லாசால் விலாசத்துக்குப் போடுகிறேன். அடிபட்ட கதை வெளியில் போகக் கூடாது. சிவாஜினிக்கு லண்டன் மாப்பிள்ளை பேசி வருகிற நேரத்தில், தமையனுக்குத் தலையில் வருத்தம் என்று ஒரு சொல் போனால் போதும், என் தங்கச்சியின் கலியாணம் அதோடு சரி. உமக்கு எங்கள் ஆட்களைத் தெரியும்தானே.

இன்னொன்றும் இருக்கிறது. இதுதான் எனக்கு முதல் முழுநேர ஒப்பந்தம். போன வருசம் வரைக்கும் பகலில் கம்பளக் களஞ்சியத்தில் பாரம் தூக்கி, பின்னேரம் பயிற்சிக்கு ஓடினேன். இப்போது ரக்பி லீக் மட்டும்தான் என் தொழில். மூன்றாவது அடி என்று டொக்டர் எழுதினால் சீசன் தொடங்கமுதலே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆகவே கவனமாக இருக்கிறேன். நீரும் கவனம்.

யதுர்ஷன்


ரொக்ஸ்பரோ
26 ஜனவரி 2025

அன்புள்ள உங்களுக்கு,

சிரிக்கவில்லை. "நெற்றிப்பொட்டில்" என்று இரண்டு ற் சரியாகப் போட்டிருக்கிறீர்கள், அதுவே பெரிய காரியம். ஆனால் "பெரிதாக ஒன்றுமில்லை" என்ற வரியை வாசித்துவிட்டு இமெல்டாவின் வாசலிலேயே நின்றுவிட்டேன். பெரிதாக ஒன்றுமில்லாத ஆளுக்கு ஏன் போனைத் தொடவிடாமல் வைத்திருக்கிறார்கள்?

டிசம்பரில் நத்தார் லீவில் வந்து நின்றபோது பார்த்ததை நான் மறக்கவில்லை. பால் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று முடக்கில் இருக்கும் தெப்பனேர் கடைக்குப் போனீர்கள். வரக் காணவில்லை என்று நான் வெளியே வந்தால், இரண்டு தெரு தள்ளி யாருடையதோ வீட்டு வாசலில் திறப்பைப் போட்டுத் திருகிக்கொண்டு நிற்கிறீர்கள். மாமி கேட்டதற்கு "ஸ்நோவில வீடெல்லாம் ஒரே மாதிரித் தெரியுது" என்றீர்கள். மாமி சிரித்தா. நானும் சேர்ந்து சிரித்தேன். நீங்கள் வளர்ந்த இடம் அது.

இங்கே புதினம் ஒன்றுமில்லை. பேஸ்மென்ட் அறையின் ஜன்னல் பாதிக்கு மேல் பனியால் மூடிக் கிடக்கிறது. பகலா இரவா என்று மேலே மாமியின் காலடிச் சத்தத்தை வைத்துத்தான் சொல்லலாம். குசினிக்குப் போனால் "உப்பைக் குறை" என்கிறா, அறைக்குள் இருந்தால் "கீழ என்ன செய்யிறாய்" என்கிறா. பிரெஞ்சு வகுப்பு இல்லையென்றால் நான் ஒருவருடைய முகத்தையும் பார்க்காமல் செத்திருப்பேன். மாமா நல்லவர், ஆனால் அவருக்கு வாய் இல்லை. சிவாஜினி மச்சாள் வேலையால் வந்தால் நேராகத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறாள்.

நீங்கள் போவதற்கு முதல் நாள் லாசால் ஆற்றங்கரையில், காருக்குள் இருந்து நான் ஒன்று கேட்டேன். நீங்கள் பதில் சொன்னீர்கள். அந்தப் பதிலோடுதான் இந்த மாதம் முழுக்க இருக்கிறேன். திரும்பக் கேட்க மாட்டேன், எனக்கும் ரோசம் இருக்கிறது. ஆனால் அந்தப் பதில் எனக்கு எப்படி இருந்தது என்பதாவது உங்களுக்குத் தெரியவேண்டும்.

உடம்பைப் பாருங்கள். டொக்டரிடம் ஒளிக்க வேண்டாம்.

அஜந்தா


ரேவன்போர்ட்
9 பெப்ரவரி 2025

அன்புள்ள அஜந்தா,

டொக்டர் ஆட விட்டுவிட்டா. நேற்று முதல் மாட்ச். உமக்கு இந்த விளையாட்டு இன்னும் பிடிபடவில்லை என்று தெரியும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். நான் முன்வரிசை. பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிரில் நிற்கிற மூன்று பேருக்கு நடுவில் ஓடி இடிப்பதுதான் என் வேலை. இடித்து விழுந்து, எழும்பித் திரும்பவும் இடிக்க வேண்டும். விசர் வேலை என்று நீர் சொல்வீர். ஓம், விசர் வேலைதான்.

மழையில் வேலியோரத்தில் ஒரு கிழவி நின்றா. கையில் சூப் போத்தல். நான் ஒவ்வொரு முறை பந்தை எடுக்கும்போதும் "கோ ஓன், மை லவ்" என்று கத்தினா. என் பெயர் அவவுக்கு வாயில் வராது. ஆட்டம் முடிய வேலிக்கு மேலால் சூப்பை நீட்டினா. குடித்தேன். அப்படி ஒரு சந்தோசம் எனக்கு.

ஏன் இதை விட முடியாது என்று நீர் நத்தாருக்குக் கேட்டீர். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் வருசம் எனக்குப் பிரெஞ்சும் தெரியாது, இங்கிலிசும் தெரியாது. வகுப்பில் வாயைத் திறந்தால் சிரிப்பார்கள். மைதானத்தில் பந்தைத் தந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை, விலகினார்கள். அன்று தொடக்கம் நான் ஒரு ஆளாக நின்ற இடம் அது ஒன்றுதான். அதை விட்டால் நான் யார் என்று எனக்கே தெரியாது.

நீர் ஆற்றங்கரையில் கேட்டதைப் பற்றி எழுதியிருந்தீர். அதை மறப்பேனா? யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். கொஞ்சம் பொறும். நல்ல முடிவாகத்தான் வரும்.

போன் வெளிச்சம் இன்னும் குத்துகிறது. அதை மட்டும் டொக்டரிடம் சொல்லவில்லை. கடிதமும் எனக்குப் பழகிவிட்டது.

யதுர்ஷன்


ரொக்ஸ்பரோ
20 பெப்ரவரி 2025

என் அன்புக்குரிய உங்களுக்கு,

யோசிக்கிறீர்களா? உண்மையாகவா? அந்த வரியை இமெல்டாவுக்கும் வாசித்துக் காட்டினேன். "பாத்தீரோ, ஆம்பிளையளுக்கு ஆறவிட்டாத்தான் சரி" என்றாள். நீங்கள் மனம் மாறுவீர்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

இரண்டு பெரிய ஸ்நோ அடுத்தடுத்து வந்து ஜன்னல் முழுதாக மூடிப்போய்விட்டது. மாமா சவளால் தோண்டித் தருகிறேன் என்றார். மாமி "தள்ளாத வயசில முதுகு நாரியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கப்போறியள்" என்று தடுத்துவிட்டா. பரவாயில்லை. எனக்கு இப்போது இருட்டு உறைக்கவில்லை.

ஒன்று சொன்னால் கோபிக்காதீர்கள். இமெல்டா இருக்கிற கட்டடத்தில் மூன்றாம் மாடியில் ஒரு வீடு யூலைக்கு வெறுமையாகிறது. வகுப்பு முடிய அவளோடு போய்ப் பார்த்தேன். ஒரு அறை, சின்னக் குசினி, பெரிய ஜன்னல். நின்று பார்த்தால் மரங்களுக்கு மேலால் ஆறு தெரிகிறது. நீங்களும் நானும் மட்டும் இருக்க ஒரு வீடு. இதைத்தானே அன்றைக்குக் கேட்டேன். மாமா மாமியை விட்டுப் பிரிக்க நான் கேட்கவில்லை. கிழமைக்கு இரண்டு தரம் சமைத்துக்கொண்டு வந்து பார்ப்பேன். ஆனால் என் வீட்டுக் கதவை நானே பூட்டித் திறக்க வேண்டும்.

லண்டன் பகுதியார் விசாரிக்கிற விசாரிப்புப் பெரிய பகிடி. ரொறன்ரோவில் ஒருவர், கர்க்லாண்டில் ஒருவர் என்று ஆட்களை வைத்துப் போன் எடுக்கிறார்கள். சிவாஜினியின் கண்ணாடி எத்தனை நம்பர், மாமாவின் தகப்பன் என்ன வருத்தத்தில் செத்தவர், பரம்பரையில் சலரோகம் இருக்கிறதா. மாமி போனுக்குப் பக்கத்தில் கதிரை போட்டுவிட்டா. யார் எடுத்தாலும் ஒரே பாட்டு, "எங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் ஒரு குறையும் இல்லை" என்கிறா.

அஜந்தா


ரேவன்போர்ட்
3 மார்ச் 2025

அன்புள்ள அஜந்தா,

வீட்டை எடுப்போம். யூலை என்றால் சரி, சீசன் நடுவில் ஒருதரம் வந்து உம்மைக் குடியிருத்திவிட்டுப் போகலாம். அம்மாவை நான் சமாளிக்கிறேன்.

இப்போது ஒரு விசயம், பதறக் கூடாது. சனிக்கிழமை மாட்சில் தலையோடு தலை முட்டியது. கொஞ்ச நேரம் எந்தப் பக்கம் ஓடுவதென்று பிடிபடவில்லை. ஒருவன் தோளில் பிடித்துத் திருப்பிவிட்டான். ஆட்டம் முடிய டொக்டர் மாக்கிரட் மூலையில் இருத்தி வைத்துக் கேள்வி கேட்டா. எந்த மைதானம், கடைசியாக யார் புள்ளி எடுத்தது, போன கிழமை யாரோடு ஆடினோம். எல்லாவற்றுக்கும் டக் டக்கென்று சொன்னேன். மாட்சுக்கு முதலே கேள்விகளைப் பாடமாக்கி, புள்ளி எடுத்தவன் யாரென்று பக்கத்தில் நின்றவனிடம் கேட்டும் வைத்திருந்தேன், அதுதான். இங்கே பாதிப்பேர் அப்படித்தான்.

ஆனால் அவவுக்குத் திருப்தியில்லை. வீட்டாரோடு கதைக்க வேண்டும் என்கிறா. லீவில் நின்றபோது தலையிடி, வாந்தி, மறதி ஏதும் இருந்ததா என்று கேட்கப் போகிறாவாம். நான் பதிந்து கொடுத்தது வீட்டு நம்பர். நீர் பக்கத்தில் நின்று போனை வாங்கி, ஒன்றுமில்லை என்று சொல்லிவிடும். உம்மை நம்பித்தான் இருக்கிறேன். இந்தச் சீசன் போனால் எனக்கு இன்னொரு சீசன் இல்லை. இருபத்தேழு வயதில் முன்வரிசைக்காரனைப் புதிதாக ஒருவரும் எடுக்கமாட்டார்கள்.

ஒரு பகிடி சொல்லவேண்டும். மழையில் வேலியோரத்தில் ஒரு கிழவி நின்றா. கையில் சூப் போத்தல். நான் ஒவ்வொரு முறை பந்தை எடுக்கும்போதும் "கோ ஓன், மை லவ்" என்று கத்தினா. என் பெயர் அவவுக்கு வாயில் வராது. ஆட்டம் முடிய வேலிக்கு மேலால் சூப்பை நீட்டினா. அப்படி ஒரு சந்தோசம் எனக்கு.

யதுர்ஷன்


ரொக்ஸ்பரோ
16 மார்ச் 2025

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் கையில் கிடைக்கமுதலே டொக்டர் எடுத்துவிட்டா.

ஏழாம் திகதி, வெள்ளிக்கிழமை காலை. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். மாமி போனை எடுத்தா. இங்கிலாந்து நம்பர். வெள்ளைக்காரப் பெண்ணின் குரல், தான் டொக்டர் என்று சொன்னது எனக்கும் கேட்டது. மாமியின் முகம் ஒரு மாதிரி மலர்ந்தது. போனைக் கையால் பொத்திக்கொண்டு மாமாவைப் பார்த்து, "லண்டன்காரர் டொக்டரை வச்செல்லாம் விசாரிக்கினம், பாருங்கோவன்" என்றா. பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டு தனக்குத் தெரிந்த இங்கிலிசை எடுத்து விட்டா. தலை என்ற சொல்லுக்கு "நோ". மறதி என்றதற்கு "நோ, நோ". "மை சன் வெரி ஹெல்தி. மை டோட்டர் வெரி ஹெல்தி. ஓல் ஃபமிலி ஹெல்தி" என்று முடித்து, தாங்க்யூவும் சொல்லி வைத்துவிட்டா.

கலியாணம் பேச வந்தவர்கள் என்று நானும் நினைத்தேன். திங்கட்கிழமை உங்கள் கடிதத்தை வாசித்த பிறகுதான் யார் கேட்டது, என்ன கேட்டது என்று விளங்கியது. அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். வந்து மாமியிடம் சொன்னேன். போனைச் சீலைத் தலைப்பால் துடைத்து வைத்தா. பிறகு, "சொன்னது சொன்னதுதான். இனி மாத்திச் சொல்லி, அது லண்டனுக்குக் கேட்டால் என்ர பிள்ளையின்ர கலியாணம் எங்கால? அவனுக்கு ஒண்டுமில்லை, விளையாடுற பெடியனுக்கு அடிபடும்தானே" என்றா. மாமா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் இல்லை என்று சொன்னேனே.

இனி என்னுடையது. உங்களுக்காக ஒன்றுமில்லை என்று நான் பொய் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. கேட்டிருக்கக் கூடாது நீங்கள்.

அந்தச் சூப் கிழவியின் கதையைப் போன கடிதத்திலும் எழுதினீர்கள். அதே சொற்கள். இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அப்போதிருந்து எனக்கு ஒரு பயம் பிடித்திருக்கிறது. அதைத் தீர்க்க ஒன்று மட்டும் எழுதி அனுப்புங்கள். ஆற்றங்கரையில் நான் வீடு கேட்டதும் நீங்கள் என்ன சொன்னீர்கள்? நான் மறந்து கேட்கவில்லை.

அஜந்தா


ரேவன்போர்ட்
27 மார்ச் 2025

அன்புள்ள அஜந்தா,

அம்மா என்னைக் காப்பாற்றிவிட்டா. தெரியாமல் செய்தாலும் செய்தது பெரிய உதவி. டொக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டா. பெரிய வெள்ளிக்கிழமை இங்கே பெரிய மாட்ச், பக்கத்து ஊரோடு. ஊரே வந்து நிற்கும். முதல் பதின்மூன்று பேரில் என் பெயர் இருக்கிறது. இதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம், நானே ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன்.

உமக்கு ஏன் பயம்? கிழவி கதை நல்ல கதை என்றபடியால் இரண்டு தரம் எழுதினேன். ஆற்றங்கரைக் கதையும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீர் தனி வீடு கேட்டீர். நான் "யோசிப்பம், அவசரப்படாதையும்" என்றேன். பிறகு கோப்பி குடித்துவிட்டு வந்தோம். சரிதானே? யோசித்தேன், ஓம் என்றும் சொல்லிவிட்டேன். இதற்கு மேல் என்ன வேண்டும் உமக்கு?

யதுர்ஷன்


ரொக்ஸ்பரோ
6 ஏப்ரல் 2025

அன்புள்ள உங்களுக்கு,

சரியில்லை. நீங்கள் அப்படிச் சொல்லவில்லை. மாட்டேன் என்று சொன்னீர்கள். ஒரு தரம் இல்லை, மூன்று தரம். கோப்பியும் குடிக்கவில்லை.

பெப்ரவரியில் யோசிக்கிறேன் என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் இந்தக் குளிரைக் கடத்தினேன். மாடிப்படி ஏறும்போதும் மாமி ஏசும்போதும் அதைத்தான் நினைத்தேன். என் மனிசன் எனக்காக மனம் மாறியிருக்கிறார் என்று. நீங்கள் மாறவில்லை. மறந்திருக்கிறீர்கள். அதை மறைக்க எனக்குப் பிடித்த பதிலைத் தேடித் தேடி எழுதியிருக்கிறீர்கள். நான் சந்தோசப்பட்டதெல்லாம் உங்கள் வருத்தத்துக்கு. இதை நினைத்து எனக்கு அழுகைகூட வரவில்லை, வெட்கமாக இருந்தது.

பேசாமல் இருந்தால் யூலையில் வீடு கிடைக்கும். அதையும் யோசித்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஒரு பகல் முழுக்க யோசித்தேன்.

இமெல்டாவை இருத்தி வைத்து இங்கிலிசில் டொக்டர் மாக்கிரட்டுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். திறப்பு, தெரு, சூப், ஆற்றங்கரை, நீங்கள் பாடமாக்குகிற பதில்கள், இன்னும் குத்துகிற வெளிச்சம், எல்லாம் இருக்கிறது. உங்கள் அம்மா யாரென்று நினைத்துப் பதில் சொன்னா என்பதையும் எழுதியிருக்கிறேன். இந்தக் கடிதத்தையும் அதையும் ஒரே தபால் பெட்டியில் போடுகிறேன். உங்களுக்குத் தெரியாமல் செய்ய விருப்பமில்லை.

பெரிய வெள்ளிக்கு ஆட வேண்டாம். கும்பிட்டுக் கேட்கிறேன்.

அஜந்தா


ரேவன்போர்ட்
14 ஏப்ரல் 2025

அஜந்தா,

நீ எழுதியது என் கையில்தான் இருக்கிறது. கழகத்துக்கு வருகிற தபாலை ஒரு தட்டில் போட்டு வைப்பார்கள். உன் எழுத்தைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். எடுத்துப் பையில் வைத்தேன். ஒருவரும் பார்க்கவில்லை.

என்னைக் கேட்காமல் என் தொழிலில் கை வைக்க உனக்கு யார் உரிமை தந்தது? உனக்கு வீடு வேண்டும் என்றால் வீடு தருகிறேன் என்றுதானே எழுதினேன். அது காணாதா? ஆற்றங்கரையில் நான் மாட்டேன் என்றேனாம். மூன்று தரமாம். நீ சொல்வதை நான் ஏன் நம்ப வேண்டும்?

வெள்ளிக்கிழமை ஆடத்தான் போகிறேன்.

யதுர்ஷன்


ரொக்ஸ்பரோ
17 ஏப்ரல் 2025

இது போய்ச் சேரும்போது வெள்ளிக்கிழமை கடந்திருக்கும். தெரிந்துதான் எழுதுகிறேன். உங்களிடமிருந்து இன்னும் ஒரு கடிதமும் வரவில்லை. நாளைக்கு நீங்கள் ஆடுகிறீர்களா என்று ஒருவரிடமும் கேட்கவும் ஏலாமல் இந்த அறைக்குள் இருக்கிறேன். மேலே லண்டன் பகுதியார் வருகிற நாளைப் பற்றிக் கதைத்துச் சிரிக்கிறார்கள். கோபமாக இருந்தால் ஏசி எழுதுங்கள். எழுதினாலே போதும்.

அஜந்தா


ரேவன்போர்ட்
21 ஏப்ரல் 2025

அன்புள்ள அஜந்தா,

போன கடிதத்தில் உம்மை "நீ" என்று எழுதிவிட்டேன். போட்ட பிறகுதான் உறைத்தது. மன்னியும்.

ஆடினேன். வென்றோம். என் ஆட்டத்திலேயே நல்ல ஆட்டம் அதுதான் என்று எல்லாரும் சொன்னார்கள். தோளில் தூக்கினார்கள். தலையில் ஒரு அடியும் படவில்லை. கடவுள் என் பக்கம் என்று நினைத்தேன்.

உடுப்பு மாற்றுகிற அறையில் பையைத் திறக்க உம்முடைய இரண்டு கடிதமும் மேலே கிடந்தன. உம்மைப் பொய்க்காரி ஆக்கிவிட வேண்டும் என்று ஒரு வெறி. அடுத்த நாள் ஒருவனுடைய காரை வாங்கிக்கொண்டு போய் வாய்க்கால் கரையில் நிறுத்தினேன். ஆற்றைப் பார்த்துக்கொண்டு காருக்குள் இருந்தோம் என்றுதானே எழுதியிருக்கிறீர். அதே மாதிரி இருந்தால் வந்துவிடும் என்று நினைத்தேன். பின்னேரம் வரைக்கும் இருந்தேன். ஒன்றும் வரவில்லை. அஜந்தா, அரைகுறையாகக்கூட வரவில்லை. நீர் என்ன உடுத்தியிருந்தீர்? அழுதீரா? நான் உம்மைத் தொட்டேனா? போன கிழமை யாரோடு ஆடினோம், யார் புள்ளி எடுத்தது எல்லாம் எனக்குத் தெரியும், பாடமாக்கியபடியால் தெரியும். உம்மோடு இருந்த ஒரு நாள் முழுதாக இல்லை. இன்னும் எத்தனை நாள் இப்படிப் போயிருக்கிறதோ, அதையும் யாரிடம் கேட்பது?

இன்று காலை உம்முடைய உறையை டொக்டர் மாக்கிரட்டின் கையில் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தா. இது உண்மையா என்று கேட்டா. ஓம் என்றேன், தமிழில்தான் வந்தது. அவவுக்கு விளங்கியது. ஏசவில்லை. போய் யன்னல் சீலையை இழுத்து மூடினா. அதுவரைக்கும் நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றதே எனக்குத் தெரியாது.

இனி ஆட விடமாட்டார்கள். இந்தக் கழகம் மட்டுமில்லை, ஒரு இடத்திலும். ஒரு முழுச் சீசன்கூட இல்லை. அறையில் இருந்து பெரிய குரலில் அழுதேன், பக்கத்து அறைக்காரன் வந்து கதவைத் தட்டினான். பரிசோதனைகள் முடிய மே கடைசியில் அனுப்புவார்கள். வந்து அந்த வீட்டில், அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, என்ன செய்யப்போகிறேன் என்று தெரியவில்லை.

அன்றைக்கு நடந்ததை முழுதாக எழுதும். நீர் எழுதுகிறதுதான் இனி எனக்கு அந்த நாள்.

யதுர்ஷன்


லாசால், இமெல்டா வீடு
2 மே 2025

என் அன்புள்ள உங்களுக்கு,

முதலில் வீட்டுப் புதினம். மாமிக்கு எல்லாம் தெரியும், டொக்டருக்கு எழுதியதையும் நான்தான் சொன்னேன். அன்றிலிருந்து என்னோடு கதையில்லை. சிவாஜினி தன் அறையால் வெளியே வந்து, தானே மாப்பிள்ளைக்குப் போன் எடுத்து, "அண்ணைக்குத் தலையில அடிபட்டிருக்கு, வருத்தம்தான், உங்களுக்கு விருப்பமில்லையெண்டா இப்பவே சொல்லுங்கோ" என்றாள். அவர் யோசிக்க நேரம் கேட்டிருக்கிறார். மாமா கீழே இறங்கி வந்து என் அறை வாசலில் நின்றார். "பிள்ளை, நீர் செய்தது சரி" என்றார். மாமிக்குக் கேட்காத குரலில்தான். ஆனாலும் சொன்னார்.

உங்கள் கடிதத்தை எடுக்க வந்து, இங்கே குசினி மேசையில் வைத்து வாசித்தேன். வாசித்து முடிய ஒரு எண்ணம் வந்தது. இனி நான் என்ன எழுதினாலும் அதுதான் உங்களுக்கு அந்த நாள். நீங்கள் ஓம் என்றீர்கள் என்று எழுதினால் நம்புவீர்கள். வந்து இறங்கியதும் வீட்டை எடுப்பீர்கள், உங்கள் அம்மாவோடு எனக்காகச் சண்டையும் பிடிப்பீர்கள். அப்படி ஒரு வரி எழுதியும் விட்டேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்தேன். உங்கள் தலைக்குள் இருந்து போனது போகட்டும், இல்லாத ஒன்றை நான் கொண்டுபோய் வைக்க மாட்டேன்.

நடந்தது இதுதான். நான் உங்களுடைய பழைய நீலக் கோட்டைப் போட்டிருந்தேன், என்னுடையது ஈரம். ஆற்றின் கரையோரம் உறைந்திருந்தது, நடுவில் தண்ணீர் ஓடியது. எனக்கு வேறு வீடு வேண்டும் என்று கேட்டேன். நீங்கள் மாட்டேன் என்றீர்கள். ஏன் என்றேன். "நான் ஒரே ஆம்பிளைப் பிள்ளை, அம்மா இருக்கும் மட்டும் அந்த வீட்டை விட்டு வர ஏலாது" என்றீர்கள். நான் அந்த அறைக்குள் மூச்சுவிட ஏலாமல் இருக்கிறேன் என்றேன். அதற்கும் மாட்டேன் என்றீர்கள். பிறகு "என்னை இதைக் கேளாதையும்" என்றீர்கள். நான் அழவில்லை. நீங்கள்தான் அழுதீர்கள். என் கையுறை ஒன்றைக் கழற்றி, கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். திரும்பி வரும்போது ஒரு கோப்பிக் கடையிலும் நிறுத்தவில்லை. இதில் ஒரு சொல்லையும் நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

மூன்றாம் மாடி வீட்டை வேறு ஆட்கள் எடுத்துவிட்டார்கள். அது போகட்டும். திரும்பக் கேட்க மாட்டேன் என்று எழுதினேன், இப்போது கேட்கிறேன். எனக்கு வேறு வீடு வேண்டும். அது இல்லாமல் நான் அந்த அறைக்குள் இன்னொரு குளிர்காலம் இருக்க மாட்டேன். நீங்கள் வருத்தக்காரராக வந்தாலும், வேலையில்லாமல் வந்தாலும் உங்களோடுதான் இருப்பேன், ஆனால் அங்கே இல்லை. உங்கள் பழைய பதிலை இப்போது தெரிந்துகொண்டுதான் யோசிக்கப் போகிறீர்கள். திரும்பவும் மாட்டேன் என்று வந்தால் மாட்டேன் என்றே எழுதுங்கள். எனக்குப் பிடிக்கும் என்று ஒன்றையும் எழுத வேண்டாம். இந்த முறை பதிலை நாங்கள் இரண்டு பேரும் ஞாபகம் வைத்திருக்க வேண்டும்.

அஜந்தா